எடை நோட்டில் மனதுக்கும் ஒரு கட்டம்: இதயம் பலவீனமானவர்கள் மனஅழுத்தத்தைக் கையாளும் முறை

இதயச் செயலிழப்பு (உடம்புக்குத் தேவையான ரத்தத்தைத் தள்ளத் திணறும் அளவுக்கு இதயம் பலவீனமாகிற நிலை) உள்ளவர்களைத் தினமும் காலையில் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதச் சொல்வோம். அதைச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. இதய நோய்ப் பிரிவில் பல வருடங்களாக நர்ஸாக இருக்கிறேன். வீட்டுக்குப் போகிறவர்களிடம் நோட்டு எழுதும் விதம், மாத்திரை நேரம், எந்த அறிகுறிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லி அனுப்புவேன். இப்போதெல்லாம் அந்த நோட்டில் எடைக்குப் பக்கத்தில் மனநிலைக்கும் ஒரு கட்டம் போடச் சொல்கிறேன். அதில் என்ன எழுதுவது, எழுதியதை வைத்து என்ன செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

"டென்ஷன் ஆகாதீங்க" என்று நோயாளியிடம் எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி ஆகாமல் இருப்பது என்று யாரும் சொல்வதில்லை. கடனும் வழக்கும் பிள்ளைகளைப் பற்றிய கவலையும் நமக்கு நோய் வந்துவிட்டது என்பதற்காக ஒதுங்கி நிற்கப் போவதில்லை. கவலையே இல்லாத வாழ்க்கையை நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் கவலை வந்த நாளில் அதன் சுமை முழுவதும் இதயத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

பதற்றத்தில் உடம்புக்குள் நடப்பது

கோபமோ பயமோ வந்தால் அட்ரினலின், நார்அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, பிபி ஏறுகிறது. நல்ல இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். பலவீனமான இதயமோ சுருங்கிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ளத் திணறும். அதோடு, துடிப்பு வேகமாகும்போது இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் தளர்ந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்கிற நேரமும் குறைந்துவிடுகிறது.

"எக்கோவில் (இதய ஸ்கேனில்) என் பம்பிங் 55 சதவீதம், நார்மல்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. பம்பிங் நன்றாக இருந்தும் இதயத் தசை விறைத்துப்போனதால் மூச்சிரைப்பு வருகிறவர்கள் இவர்கள். இவர்களுக்கு அந்த நிரம்பும் நேரம்தான் உயிர்நாடி. அதனால் படபடப்பு இவர்களையும் சீக்கிரம் வாட்டும்.

அடுத்தது சிறுநீரகம். பதற்றம் நீடித்தால் ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சங்கிலி வேலை செய்ய ஆரம்பிக்கிறது. உடம்பு உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நீர்தான் காலில் வீக்கமாகவும் நுரையீரலில் மூச்சுத்திணறலாகவும் வந்து நிற்கிறது.

இப்போது உங்கள் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், கார்வெடிலால் இவற்றில் ஒன்று இருந்தால், அது அட்ரினலின் வேகத்தைத் தடுக்கிற பீட்டா பிளாக்கர். எனலாப்ரில், ராமிப்ரில், வால்சார்டன் போன்றவை ஆஞ்சியோடென்சினுக்கு எதிரானவை. ஸ்பைரோனோலாக்டோன் ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கிறது. பதற்றம் உடம்பில் எந்தக் கதவுகளைத் திறக்கிறதோ, அதே கதவுகளைத்தான் இந்த மாத்திரைகள் மூடுகின்றன.

ஒரு காலத்தில் பலவீனமான இதயத்துக்குப் பீட்டா பிளாக்கர் ஆகவே ஆகாது என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். 1975இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள், அதைக் கொடுத்ததால் சில நோயாளிகள் தேறியதாக எழுதினார்கள். 1984இல் வந்த ஓர் ஆய்வு, ரத்தத்தில் நார்அட்ரினலின் அதிகமாக உள்ள இதயச் செயலிழப்பு நோயாளிகளின் ஆயுள் குறைவாக இருப்பதைக் காட்டியது. 1999இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களிடையே இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. களைத்த மாட்டை அடித்து ஓட்டாமல், அதன் நடையிலேயே போகவிட்டால் வண்டி ஊர் போய்ச் சேரும் என்பது போலத்தான் இது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், மனது சரியில்லாத நாளில்தான் பலர் மாத்திரையை விடுகிறார்கள். "போகட்டும், இன்னைக்கு ஒரு நாள்தானே" என்ற அலுப்பு வருகிற நாளும், மாத்திரை மிகவும் தேவைப்படுகிற நாளும் ஒன்றுதான். அதற்காகக் கூடுதலாக ஒன்று போட்டுக்கொள்ளவும் வேண்டாம். எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்தபடியே போகட்டும். குறிப்பாகப் பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

நோட்டில் என்ன எழுதுவது

காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன், அதே மெஷினில், ஏறக்குறைய அதே மாதிரி உடையில் எடை பாருங்கள். எடையை எழுதியதும் பக்கத்தில் நான்கு விஷயம் சேருங்கள். நேற்று மனது எப்படி இருந்தது என்று 0 முதல் 10 வரை ஓர் எண், 10 என்றால் தாங்க முடியாத பாரம். காரணம் தெரிந்தால் ஒரே ஒரு சொல். இரவு எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள், மூச்சு முட்டி எழுந்தீர்களா. நேற்று விட்டுப்போன மாத்திரை எது. இவ்வளவு போதும். பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் சலித்து நின்றுவிடும்.

இரண்டு வாரம் கழித்து நோட்டை வரி வரியாகப் படிக்காமல் கட்டம் கட்டமாக மேலிருந்து கீழே படியுங்கள். ஒருவருடைய நோட்டை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஓய்வு பெற்றவர், சொத்து வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. வழக்கு நாள் முடிந்த மறுநாள் எல்லாம் எடை ஒன்றரை கிலோ ஏறியிருக்கும். "கோர்ட் டென்ஷன்தான் சிஸ்டர், வேறென்ன" என்றார் மகன். கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். அந்த நாட்களில் எல்லாம் நீர் மாத்திரை (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிற மாத்திரை) விட்டுப்போயிருந்தது. கேட்டால், "கோர்ட்ல போய் பாத்ரூம் எங்க தேடிக்கிட்டு நிக்கிறது?" என்றார். போதாததற்கு, நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுச் சாப்பாடு இல்லாமல் பாக்கெட்டில் விற்கிற உப்பு நொறுக்குத்தீனிகளைத் தின்றிருந்தார்.

மருத்துவர் அந்த நாட்களுக்கு மட்டும் நீர் மாத்திரையை வீடு திரும்பிய பிறகு எடுக்கும்படி மாற்றிக் கொடுத்தார். கையில் சாப்பாடு கொண்டுபோகச் சொன்னோம். வழக்கு முடியவில்லை, அதைப் பற்றிய கவலையும் தீரவில்லை. எடை மட்டும் எகிறுவது நின்றது.

மனஅழுத்தம் இதயத்தைத் தொடுகிற வழிகளில் கண்ணுக்குப் படாத வழி இதுதான் என்று நினைக்கிறேன். ஹார்மோன் ஒரு பக்கம் இருக்கட்டும். மனது கனத்திருக்கும்போது நாம் மாத்திரை மறக்கிறோம், எடை பார்ப்பதில்லை, நடப்பதில்லை, கைக்கு வந்ததைச் சாப்பிடுகிறோம். விட்ட சிகரெட்டும் குடியும் திரும்பி வருகின்றன. "ரிப்போர்ட் மோசமா வந்துட்டா?" என்று பயந்து பரிசோதனைத் தேதியையே தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிசெய்ய முடியும். நோட்டு அதற்குத்தான். உங்கள் நோட்டில் எந்த நாளில் எது விட்டுப்போகிறது என்று தெரிந்தால், அந்த மாதிரி நாளுக்கு முன்னேற்பாடு செய்துவிடலாம். மாத்திரை நேரத்தை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள், கேட்டு மாற்றுங்கள்.

எடை ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ, 3 நாளில் 2 கிலோவுக்கு மேலோ ஏறினால் காரணம் கவலையா வேறெதுவா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

இது பயமா, நுரையீரலில் நீரா?

நோயாளிகள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். மூச்சு வாங்குகிறது, பயம் வருகிறது. பயத்தால் இன்னும் மூச்சு வாங்குகிறது. எது முதலில் வந்தது என்று அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது.

சில அடையாளங்கள் உதவும். படுத்தால் அதிகமாகி, எழுந்து உட்கார்ந்தால் குறைகிற மூச்சுத்திணறல், தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் திடுக்கென்று எழுப்புகிற மூச்சுத்திணறல், கூடவே கால் வீக்கம், எடை ஏற்றம், படுத்ததும் வருகிற இருமல் எல்லாம் நீர் சேர்வதைக் காட்டுகின்றன. விரல் நுனியிலும் வாயைச் சுற்றியும் மதமதப்பு, கை நடுக்கம், சட்டென்று உச்சத்துக்குப் போய் அரை மணி நேரத்துக்குள் தானாக அடங்குவது, எடையும் வீக்கமும் மாறாமலே இருப்பது ஆகியவை பதற்றத்தின் பக்கம் கை காட்டும்.

ஆனாலும் இரண்டும் ஒன்றாக வரலாம். அதனால் நான் சொல்லித்தருகிற விதி ஒன்றே ஒன்று: சந்தேகம் வந்தால் இதயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "வெறும் பயம்தான்" என்ற முடிவைப் பரிசோதித்துப் பார்த்த பிறகு மருத்துவர் சொல்லட்டும். வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிப் போனவரைப் பார்த்து நாங்கள் யாரும் அலுத்துக்கொள்வதில்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, நெஞ்சு வலி, மயக்கம், உதடு நீலமாவது, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வருவது, இதில் எது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். நீங்களாக வண்டி ஓட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

உதவி வரும்வரைக்கும், அல்லது லேசான திணறல் என்றாலும், செய்ய வேண்டியது இது. படுக்காதீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காலைக் கீழே தொங்கவிடுங்கள், அல்லது மேஜையில் தலையணை வைத்துக் கைகளை ஊன்றி முன்னால் சாயுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். முகத்தில் காற்று படும்படி சிறிய விசிறி ஒன்றைப் பிடிக்கச் சொல்லுங்கள். முகத்தில் படுகிற குளிர்ந்த காற்று மூச்சுமுட்டும் உணர்வைக் குறைக்கும். பக்கத்தில் இருப்பவர் கேள்வி மேல் கேள்வி கேட்காமல், கூட்டம் கூட்டாமல், ஒருவர் மட்டும் எதிரில் உட்காரட்டும்.

மெதுவாக மூச்சு விடுகிற பயிற்சியைத் திணறல் இல்லாத நேரத்தில் பழகி வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கால் நாலு எண்ணும் வரை இழுங்கள், உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று வரும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் இப்படி நிமிடத்துக்கு ஆறு என்ற அளவில் மூச்சு விட்டபோது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு மேம்பட்டதை இத்தாலிய மருத்துவர்கள் 1998இல் பதிவு செய்திருக்கிறார்கள். முதலில் ஆறு எண்ண முடியாவிட்டால் நாலு போதும். மூச்சை உள்ளே அடக்கிப் பிடிக்கிற பயிற்சி எதுவும் மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் பழகியவருக்குத்தான் பதற்றமான நேரத்தில் அது கைகொடுக்கும். அப்புறம், இது நுரையீரலில் சேர்ந்த நீரை வடிக்காது என்பதையும் மறக்காதீர்கள்.

இரவு

கவலை பெரும்பாலும் ராத்திரியில்தான் பெரிதாகிறது. தூக்கம் கெடுவதற்குக் கவலை மட்டுமே காரணம் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். இரண்டாவது நீர் மாத்திரையை மாலை தாமதமாக எடுத்தால் ராத்திரி முழுக்க எழுந்துகொண்டே இருக்க வேண்டிவரும். அதை முன்னதாக எடுக்கலாமா என்று கேளுங்கள். குறட்டையும் நடுவில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் அதுவும் இதயச் செயலிழப்பில் அடிக்கடி காணப்படுகிற பிரச்சினைதான்; பக்கத்தில் படுப்பவர் கவனித்துச் சொல்லட்டும். தூக்க மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

மனதில் ஓடுகிற கவலைகளைச் சாயங்காலமே கால் மணி நேரம் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பக்கத்தில் "நாளை செய்யக்கூடியது" என்று ஏதாவது ஒன்று. செய்வதற்கு ஒன்றுமில்லை என்றால் அதையும் எழுதுங்கள். படுத்த பிறகு அதே கவலை வந்தால், எழுதியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லோருக்கும் இது பலிப்பதில்லை, பலருக்குப் பலிக்கிறது.

கவலை மனச்சோர்வாக மாறும்போது

மனநிலைக் கட்டத்தில் 7, 8 என்று நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தால் அதைக் கடந்துபோகாதீர்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வந்த கணக்கு சொல்கிறது. சிக்கல் என்னவென்றால் களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை இதய நோய்க்கும் உண்டு, மனச்சோர்வுக்கும் உண்டு. அதனால் நான் வேறு இரண்டு கேள்வி கேட்பேன். கடந்த இரண்டு வாரத்தில், முன்பு பிடித்த விஷயங்களில் ஆர்வம் போய்விட்டதா? மனது சோர்ந்து, நம்பிக்கையில்லாமல் இருக்கிறதா? இதில் ஒன்றுக்காவது "ஆமா, அநேகமா தினமும்" என்று பதில் வந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் அதுவும் அவசர சிகிச்சைக்கு உரியதுதான்.

சிகிச்சை விஷயத்தில் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். இதயச் செயலிழப்போடு மனச்சோர்வும் உள்ளவர்களுக்கு செர்ட்ராலின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இலும், எஸ்சிட்டாலோபிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இலும் வெளிவந்தன. இரண்டிலும் மருந்து, வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. 2015இல் வந்த ஆய்வில், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்குகிற உளவியல் சிகிச்சை மனச்சோர்வைக் குறைத்தது. ஆனால் அதே ஆய்வில், எடை பார்ப்பது, மருந்தை ஒழுங்காக எடுப்பது போன்ற சுயபராமரிப்பு அதனால் மட்டும் மேம்படவில்லை. அதனால்தான் மனதையும் எடையையும் ஒரே நோட்டில் வைக்கச் சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிற மனநல மருந்தை யாரும் நிறுத்தக் கூடாது. ஆய்வு ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. உங்களுக்கு அது உதவிக்கொண்டிருக்கலாம். மனநல மருத்துவரிடம் இதய நோயைப் பற்றியும், இதய மருத்துவரிடம் மனநல மருந்தைப் பற்றியும் சொல்லுங்கள், இரண்டு பட்டியலையும் இரண்டு பேரிடமும் காட்டுங்கள். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மருந்துகள் இதயத் துடிப்பின் லயத்தைப் பாதிக்கக்கூடும். "இயற்கையானது" என்று விற்கப்படுகிற செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மருந்து, இதய மருந்தான டிகாக்ஸின், ரத்தம் உறைவதைத் தடுக்கிற வார்ஃபரின் ஆகிய இரண்டின் வேலையையும் கெடுக்கும். கவலையில் வருகிற தலைவலிக்கும் உடம்பு வலிக்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போடுகிற பழக்கமும் வேண்டாம்; அவை உடம்பில் நீரைத் தேக்கும்.

நடையைப் பற்றி நான் அழுத்தியே சொல்வேன். 2,331 பேர் பங்கேற்ற பெரிய உடற்பயிற்சி ஆய்வில், பயிற்சி செய்தவர்களின் மனச்சோர்வு அறிகுறிகள் சிறிதளவு குறைந்தன. சிறிதளவுதான். ஆனால் அதே நடை இதயத்துக்கும் உதவுகிறது. மருத்துவர் சரி என்றதும், நடந்துகொண்டே பேச முடிகிற வேகத்தில் ஐந்து நிமிடம் ஆரம்பியுங்கள். எடை எகிறிய நாளிலும், உட்கார்ந்தே மூச்சு வாங்குகிற நாளிலும் நடை வேண்டாம்.

இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்கிற கருவியை நெஞ்சில் பொருத்தியவர்களுக்கு வேறொரு பயம் உண்டு: எப்போது உதைக்குமோ என்ற பயம். ஒரே ஒரு அதிர்ச்சி வந்து, பிறகு உடம்பு நன்றாக இருந்தால் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். இரண்டோ அதற்கு மேலோ வந்தாலும், மயக்கமோ நெஞ்சு வலியோ இருந்தாலும் ஆம்புலன்ஸ். இதை ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்டி வைத்தால் பாதி பயம் குறைகிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கெட்ட செய்திகளை மறைக்காதீர்கள். மறைப்பது நோயாளிக்கு எப்படியும் தெரிந்துவிடும். அதன் பிறகு வீட்டில் யார் மெதுவாகப் பேசினாலும் அவருக்குச் சந்தேகம்தான். சொல்ல வேண்டியதைப் பகலில், மாத்திரையும் சாப்பாடும் முடிந்த பிறகு, உட்கார வைத்து, ஒருவர் மட்டும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள்.

உப்பையும் தண்ணீர் அளவையும் வைத்து நடக்கிற தினசரிச் சண்டை எல்லா வீட்டிலும் உண்டு. அளந்து வைத்த பாட்டிலைக் காலையிலேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எப்போது குடிப்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். நோய் வந்த பிறகு எல்லா முடிவையும் மற்றவர்கள் எடுப்பதுதான் பலரை உள்ளுக்குள் அரிக்கிறது.

கவனித்துக்கொள்பவரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. ராத்திரி அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நோயாளிக்குப் பரிசோதனை வருகிற அன்றைக்கே உங்கள் பிபியையும் பார்த்துக்கொள்ளுங்கள், கேட்டால் நாங்கள் பார்ப்போம். வாரத்தில் ஓர் இரவாவது வேறொருவர் அந்த அறையில் படுக்கட்டும். அவருக்கு அவசர எண்ணையும் மாத்திரை நேரத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.